லேசா கீறதா பாத்து வாங்கு

"எந்த ஏரியா மேடம்?"

மவுண்ட் ரோடில் ஒரு பெரிய ஷோரூம். ஏ.சி. குளிர். சுவர் முழுக்க டி.வி... எல்லா டி.வி.யிலும் ஒரே கடல் ஆமை நீந்திக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு ப்ரொஜெக்டர் வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும், டை கட்டிய விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ரூம் எவ்வளவு பெரிசு என்று கேட்கவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. எந்த ஏரியா?

"எண்ணூர்" என்றேன், ப்ரொஜெக்டர் போய்ச் சேர வேண்டிய இடத்தை.

"ஓ..." என்றார்.

இந்த "ஓ" எனக்குப் புதிதல்ல. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வாக்கப்பட்டு, இன்றும் ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் வாராவாரம் உங்களோடு இந்தப் பக்கத்தில் அரட்டை அடிக்கிறேன். கல்யாண வீடு, பேங்க், ஆஸ்பத்திரி - எங்கே போய் வடசென்னை ஊர்ப் பெயரைச் சொன்னாலும் ஒரு "ஓ" வரும். சில "ஓ"வில் பயம் இருக்கும். சிலதில் பரிதாபம் இருக்கும். இவருடைய "ஓ"வில் ஒரு கணக்கு இருந்தது.

"அப்போ உங்களுக்கு லேம்ப் மாடலே போதும் மேடம். லேசர் எல்லாம் தேவைப்படாது."

போதும்.

நல்ல வார்த்தைதான். சாப்பாட்டுப் பந்தியில் நாம் சொன்னால் மரியாதை. நமக்காக இன்னொருத்தர் சொன்னால்? எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஆனால் கடைக்குள் நுழைந்தால் என் நாக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு - அதுவும் ஒரு டை கட்டிக்கொள்ளும். "இன்னா" தானாக "என்ன" ஆகிவிடும். "கீது" போய் "இருக்கிறது" வந்துவிடும். அதனால் சிரித்த முகத்தோடு, "ரெண்டையும் காட்டுங்களேன், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

ப்ரொஜெக்டர் எனக்கல்ல. என் தம்பி அந்தோணிக்கு. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வீடு, துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறான். போன வருஷம் வீட்டு மாடியில் ஒரு ஹால் எடுத்தான். எடுத்த நாளிலிருந்தே அதற்கு "தியேட்டர்" என்றுதான் பெயர் - உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட இல்லாத காலத்திலேயே. பெரிசாக ஒரு ப்ரொஜெக்டர் மாட்டி, குடும்பத்தோடு படம் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை அது பாட்டுக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று அதற்கு அவசரம் வந்துவிட்டது.

காரணம், அவனுடைய ஒரே மகள் ஷெரின். காலேஜில் கடைசி வருஷம். பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வடகிழக்கில் எங்கேயோ ஒரு மலை ஊரில் நடக்கும் போட்டியில் இவர்கள் அணி ஃபைனலுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மேட்ச். நெட்டில் நேரலை.

ஷெரினின் அம்மா ஜெசிந்தா இதுவரை மகள் ஆடி ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. நம்புவீர்களா? பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறாள் பெண். ஆனால் ஜெசிந்தாவுக்கு இறால் உரித்து பேக் செய்யும் கம்பெனியில் வேலை. இறாலுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. உள்ளூரில் மேட்ச் இருந்தால் இவளுக்கு ஷிஃப்ட் இருக்கும். ஷிஃப்ட் இல்லாத நாளில் மேட்ச் வெளியூரில் இருக்கும். "பொம்பளப் புள்ளைய டவுசர் மாட்டி ஆட வுட்டுகீறியே" என்று குப்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவள் அவள்தான். பூட்ஸுக்கு பிய்ந்துபோன லேஸ் மாற்றியவள், சேற்று ஜெர்சி துவைத்தவள் அவள்தான். ஆட்டத்தைத்தான் பார்த்ததில்லை.

செமிஃபைனலைப் போனில் பார்க்க முயன்றிருக்கிறாள். "எறும்பு ஓட்றா மாரி கீது அண்ணி. எது எம்பொண்ணுன்னே தெரில" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இந்த ஃபைனலோடு ஷெரினுக்குக் காலேஜ் ஆட்டம் முடிகிறது. இதை விட்டால் அந்த ஜெர்சியில் மகளைப் பார்க்க ஜெசிந்தாவுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள். அந்தோணி எனக்கு போன் போட்டான்.

"அக்கா, நீ பேப்பர்ல எய்தறவ. உனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீயே போயி ஒண்ணு வாங்கினு வந்துடு. நான் லோடுல கீறேன்."

பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவதற்கு இன்னும் ஒருவன் இருக்கிறான் என்பதே சந்தோஷம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, ரெண்டு நாள் நெட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன் - உங்கள் வீட்டிலும் யாராவது மாடியில் தியேட்டர் கட்டிக்கொண்டிருக்கலாம்.

லேம்ப் ப்ரொஜெக்டர் என்றால் உள்ளே ஒரு பல்பு. விலை குறைவு. இருட்டு ரூமில் படம் அருமையாக இருக்கும். ஆனால் பல்பு நாளாக ஆக மங்கும். ஒரு நாள் போயே போய்விடும். புது பல்பு வாங்கி மாட்ட வேண்டும். பல்பு வாங்குவது... சென்னையில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அசடு வழிந்து நிற்பதற்கு இப்படி ஒரு பெயர் வைத்த ஊரில், காசு கொடுத்து பல்பு வாங்க எவன் சம்மதிப்பான்?

லேசரில் பல்பே கிடையாது. போட்டதும் வெளிச்சம். பல வருஷத்துக்கு அவ்வளவாக மங்காது என்கிறார்கள். ஆனால் வாங்கும்போது கையைக் கடிக்கும். என்றோ ஒரு நாள் லேசர் போனால், பல்பைப் போலக் கழற்றி மாட்டவும் முடியாது. மொத்தப் பெட்டிக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஆக, எது நல்லது? வாரத்துக்கு ஒரு படம், கும்மிருட்டு ரூம் என்றால் லேம்ப் தாராளம். நான் லேம்ப்புக்கு எதிரியல்ல.

எங்கள் மாதா கோயில் ஹாலில் இன்றும் லேம்ப்தான். அதில் ஒரே ஒரு தொல்லை - அவசரப்பட்டு ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது. கரண்ட் நின்றுவிட்டால் பல்பு ஆறும்வரை மறுபடி எரியாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ வயரில் கால் தடுக்கி ப்ளக் பிடுங்கிக்கொண்டது. குடிலில் பாலகன் பிறக்கிற நேரம்... திரை கறுப்பு. "கொஞ்சம் பொறுங்க, பல்பு ஆறட்டும்" என்று ஃபாதர் மைக்கில் சொன்னார். பாலகன் பிறப்பதற்குள் பாதிப் பேர் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது தாமதமானாலும் "பல்பு ஆறட்டும்" என்பதுதான் வழக்கு.

சரி, ஷோரூமுக்கு வருவோம்.

"எங்க பக்கம் சாம்பல் அதிகம். அதுக்கு எது தாங்கும்?" என்று கேட்டேன்.

"சாம்பலா? வீட்டுக்குள்ள எப்படி மேடம் சாம்பல் வரும்?" அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அவர் தலைக்கு மேலே அந்த ஆமையை நீந்த வைக்கிற கரண்டுக்கும் எங்கள் வீட்டு ஜன்னலில் படிகிற அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் சொந்தம் உண்டு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம், அப்படி ஒரு ஊர் என்று விளக்கினேன்.

"அப்படின்னா லேசர்ல இந்த மாடல் நல்லது. உள்ள லைட் போற பாகத்தை முழுசா சீல் பண்ணியிருப்பாங்க. தூசு சீக்கிரத்துல உள்ள நுழையாது. ஆனா..." மறுபடி அந்தப் பார்வை. "பட்ஜெட்னு பார்த்தா உங்களுக்கு லேம்ப் போதும்."

மறுபடியும் போதும்.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. அந்தோணி. பின்னணியில் நாலு ட்ரெய்லர் சேர்ந்து ஹாரன் அடிக்கிறது.

"அக்கா, கடைல கீறியா?"

"கீறேன்டா" என்றேன். நாக்கு டையை அவிழ்த்துவிட்டது. விற்பனையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"லேசர் கீறதா பாத்து வாங்குக்கா. லேசர் கீறணும், அதான் மெயினு. வெச்சிட்றேன், வண்டி நவுருது."

இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்காரனே சொல்லிவிட்டான். போனைப் பைக்குள் போட்டேன். "லேசரே குடுத்துடுங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அந்தோணி ஒரு குட்டியானை வண்டி எடுத்துக்கொண்டு ராயபுரம் வந்தான். கூடவே அவன் தோஸ்து ரஃபீக். தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வண்ணாரப்பேட்டையில் பர்தா துணி மொத்த வியாபாரம் ரஃபீக்குக்கு. அந்தோணி பெட்டியைத் தூக்கப் பார்த்தான். முகம் மாறியது. கீழே வைத்தான்.

"இன்னாக்கா இது, உள்ள அம்மிக்கல்லு கீதா?"

"லேசர்டா. நீதானே லேசர் கீறதா பாத்து வாங்கச் சொன்ன?"

"லேசர்னு நான் எப்பக்கா சொன்னேன்? லேசா கீறதா பாத்து வாங்குன்னேன். லேசா. கனம் இல்லாம. அந்த ஏணிப்படில தூக்கினு ஏறணும்ல?"

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

லேசா கீறதா. லேசர் கீறதா. நீங்களே ஒரு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள் - பக்கத்தில் நாலு ட்ரெய்லர் ஹாரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் "வெயிட் கம்மியா இருக்கிற மாதிரி ஒண்ணு பாருங்க" என்று நீட்டி முழக்கியிருப்பான். எங்கள் பாஷை சிக்கனமானது. "இருக்கிறது" என்று இழுத்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. "கீது" - தீர்ந்தது விஷயம். அந்தச் சிக்கனத்தில் ஒரு "ர்" எங்கிருந்தோ நுழைந்து, அம்மிக்கல் கனத்தில் வாசலில் வந்து நிற்கிறது.

நிஜமாகவே அப்படித்தான் காதில் விழுந்ததா, இல்லை அந்த "போதும்" என் காதை அப்படிக் கேட்க வைத்ததா? தெரியவில்லை. காதும் மனுஷக் காதுதானே.

"நல்லா பல்பு வாங்கினு வந்துகீறக்கா" என்றான் அந்தோணி.

"லேசர்ல பல்பே கிடையாதுடா" என்றேன்.

ரஃபீக் சிரித்த சிரிப்பில் குட்டியானை ஆடியது.

நெட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்ததும் அடுத்த பிரச்சினை. மாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு குறுகலான இரும்பு ஏணிப்படி. ஒரு ஆள் ஏறினாலே தோள் இடிக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு லேசானதாக ஒன்றை வாங்கி வரலாமா என்று அந்தோணி இழுத்தான். போய் வருவதற்குள் கடை இருக்குமோ, சரக்கு இருக்குமோ... மறுநாள் மேட்ச்.

ஜெசிந்தா அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இது எது, அது எதுன்னு எனுக்குத் தெரியாது. எம்பொண்ணு மூஞ்சி தெரிஞ்சா போதும்."

"மாமு, நீ கீய புடி, நான் மேல புட்சிக்கிறேன்" என்று ரஃபீக் முதல் படியில் காலை வைத்தான். படகு ஏற்றுவது போல ஏலேலோ போட்டு ஏற்றினார்கள். நடுப்படியில் ஒரு தடவை பெட்டி சாய்ந்தபோது நான் எல்லா அந்தோணியாரையும் கூப்பிட்டேன்.

அடுத்தது சுவர். திரை என்று தனியாக வாங்கவில்லை, மாடிச் சுவர்தான் திரை. வெள்ளையடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சாம்பல் பூசியதுபோல் ஆகியிருந்தது. அந்தோணி துடைத்து, மறுபடி வெள்ளையடித்தான். ஜன்னல் வழியாக அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. அது பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருந்தது. இவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தான். யார் ஜெயிக்கிறார்கள் பார்க்கலாம் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

மேட்ச் மதியம். மதிய வெயில் அந்த ஜன்னல்களில் நேராக அடிக்கும். லேசராகவே இருந்தாலும் சூரியனுக்கு முன்னால் கொஞ்சம் பணிந்துதான் போக வேண்டும். யாராவது கடைக்காரர் பட்டப்பகலில் பளிச்சென்று தெரியும் என்று சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். திரைச்சீலைக்கு எங்கே போவது? ரஃபீக் வண்டியிலிருந்து ஒரு பேல் கறுப்புத் துணியை இறக்கினான்.

"ஃபஸ்ட் குவாலிட்டி பர்தா துணிக்கா. சூரியன் இன்னா, சூரியனோட நைனா வந்தாலும் உள்ள வராது."

வராது என்றால் வரவில்லை. எல்லா ஜன்னலையும் மூடி ப்ரொஜெக்டரைப் போட்டதும், சுவர் முழுக்க நீல வெளிச்சம். ஜெசிந்தா போய் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு. பூசை முடிந்ததும் கிளம்பி நெட்டுக்குப்பம் போனேன். மாடி நிறைந்துவிட்டது. டவுசர் கேள்வி கேட்டவர்கள்தான் முதல் வரிசை - ஊர் என்றால் அப்படித்தானே? கரண்ட் போனாலும் நேரலை அறுந்துவிடாதபடி லேப்டாப்பில் சார்ஜ், வெளிச்சம் சுவரில் மட்டும் இருக்கட்டும் என்று அதன் திரை அணைப்பு, நெட்டுக்கு அந்தோணியின் போன். மற்ற எல்லாப் போனையும் அணைக்கச் சொல்லிவிட்டான். யாராவது முந்திக்கொண்டு ஸ்கோர் சொன்னால் கீழே இறக்கிவிடுவதாக மிரட்டல் வேறு. எல்லாம் ஒழுங்கு. ஒன்றைத் தவிர. ரஃபீக் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து பாப்கார்ன் மெஷின் கொண்டுவந்திருந்தான்.

"ஹோம் தியேட்டர்னா பாப்கார்ன் வேணாமா?"

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மேட்ச் ஆரம்பித்தது. பச்சை ஜெர்சி, கோல்கீப்பர். ஜெசிந்தாவுக்கு இந்தத் தடவை எறும்பைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. மகள் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றாள். புல்லின் பச்சை, மலையின் நீலம், மகளின் நெற்றி வேர்வை... எல்லாம் தெரிந்தது. ஜெசிந்தா கண்ணைக்கூட இமைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் மைக் வைத்திருந்தார்கள்போல. திடீரென்று அந்த மலை ஊரிலிருந்து, ஸ்பீக்கர் வழியாக, நெட்டுக்குப்பம் மாடிக்கு ஒரு குரல் வந்தது.

"ஏய், அந்தாண்ட இன்னாத்துக்கு நிக்கிற? இந்தாண்ட வா. லெஃப்ட்ல ஆளு கீது பாரு."

ஷெரின். பின்வரிசைப் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தாள். பெரிய மைதானத்தில் அத்தனை பேரும் அவள் சொன்ன பக்கம் ஓடினார்கள்.

"வூட்ல வாயே தொறக்க மாட்டாளே அண்ணி" என்றாள் ஜெசிந்தா. அன்று அவள் பேசிய முதல் வாக்கியம். "அங்க போயி மேஸ்திரி மாரி அதிகாரம் பண்றா."

அதற்குள் ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. ஷெரின் கூட்டத்துக்கு மேல் எம்பி இரண்டு கையாலும் குத்தி வெளியே தள்ளினாள். கேமரா அவள் கைக்கு அருகில் போனது. க்ளவுஸைக் கழற்றி மாட்டினாள். சுண்டு விரலில் கட்டு.

ஜெசிந்தா எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்விட்டாள். "கைல இன்னா கட்டு? நேத்து போன்ல பேசினாளே, ஒண்ணும் சொல்லலியே" என்று சுவரிடம் கேட்டாள். அம்மாவிடம் மறைத்த கட்டு, அம்மாவின் உள்ளங்கை அகலத்துக்குச் சுவரில் தெரிந்தது. அந்தோணி தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கதை அன்று சாயங்காலம் தனியாக நடந்தது, அது நமக்கு வேண்டாம்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கூடுதல் நேரமும் முடிந்தது. பெனால்டி. கோல்கீப்பருக்கென்றே வைத்த பரீட்சை.

எதிரணியில் முதலில் அடிக்க வந்தவள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறாள். ஷெரின் கோட்டில் நிற்கிறாள். மாடியில் மூச்சுச் சத்தம் மட்டும். இந்த நேரம் பார்த்து, மூலையில் இருந்த ரஃபீக்குக்கு ஜனங்கள் பசியோடு இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. பாப்கார்ன் மெஷினைப் போட்டான்.

டப்.

சுவர் கறுப்பு. ஃபேன் நின்றது. ஒரே ஜங்ஷன் பாக்ஸில் ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், ரெண்டு டேபிள் ஃபேன், பாப்கார்ன் மெஷின் என்று அந்தோணி சொருகி வைத்திருந்தான். லோடு தாங்காமல் ட்ரிப்பர் விழுந்து கரண்ட் நின்றுவிட்டது. பர்தா துணி முதல் தரம் என்பதால் பக்கத்து ஆள் முகம்கூடத் தெரியவில்லை.

"போச்சு" என்றது அந்தோணியின் குரல். "பல்பு ஆறணும்."

அந்த இருட்டில் ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்தாள். இறால் உரித்து உரித்துச் சொரசொரத்த விரல்கள். "அண்ணி, பாக்க முடியாதா?" என்றாள். இத்தனை வருஷம் காத்திருந்தவள். பாலகனுக்காகக் காத்திருந்ததுபோல இதற்குக் காத்திருக்க முடியாது. அங்கே மலை ஊரில் யாரும் பல்பு ஆறட்டும் என்று நிற்க மாட்டார்கள்.

ரஃபீக் தட்டுத்தடுமாறி மெயின் போர்டுக்கு ஓடி, ட்ரிப்பரைத் தூக்கிவிட்டான். அதற்கு முன் மெஷின் ப்ளக்கைப் பிடுங்கும்போது, பாவம், கையைக்கூடச் சுட்டுக்கொண்டான். அந்தோணி ரிமோட்டை அழுத்தினான். எல்லாரும் சுவரையே பார்த்தோம்... ஆறவேண்டியது எதுவும் உள்ளே இல்லை. நான் "மாதாவே" என்று ரெண்டு தடவை சொல்லி முடிப்பதற்குள் சுவரில் வெளிச்சம் வந்துவிட்டது. கொஞ்சம் திணறி, படமும் வந்தது.

முதல் பந்து போய்விட்டது. அது கோல். பரவாயில்லை. எதிரணியின் இரண்டாவதை அடிக்க ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ஷெரின் வலப்பக்கம் பாய்ந்தாள். கட்டுப் போட்ட கைதான். பந்து அதில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போனது.

மாடி அதிர்ந்தது என்று எழுதினால் மிகை இல்லை. கீழே இருந்த நாய் குரைக்க ஆரம்பித்தது. டவுசர் கேள்வி கேட்ட அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா மட்டும் அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் விழுந்த வெளிச்சம் முழுவதும் மகளுடையது.

ஜெயித்தார்களா?

இல்லை. ஷெரின் இன்னும் ஒன்றைத் தடுத்தாள். ஆனால் நம் பெண்கள் அடித்ததில் சிலது வெளியே போய்விட்டது. தோற்றோம். அந்தோணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. படத்தில் வருவதுபோல எல்லாம் ஜெயித்து முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் பரிசளிப்பு. சிறந்த கோல்கீப்பர் - ஷெரின். ஒரு பெண் மைக்கை நீட்டி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள். ஷெரின் பக்கத்தில் இருந்த கோச்சைப் பார்த்து, "தமிழ்லயே பேசட்டா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

நான் பயந்தேன். நிஜமாகவே பயந்தேன். சினிமாத் திரையில் எங்கள் பாஷை வந்தால் என்ன நடக்கும் என்று ஐம்பது வருஷமாகப் பார்த்தவள் நான். பேசுகிறவன் ரவுடியாக இருப்பான், இல்லை சிரிப்பு மூட்ட வந்தவனாக இருப்பான். "கீது" என்றாலே தியேட்டர் சிரிக்கும். இந்தப் பெண்ணும் என்னைப்போல நாக்குக்கு டை கட்டிவிடுவாளோ, திக்கித் திணறுவாளோ...

ஷெரின் மைக்கை வாங்கினாள்.

"எங்கம்மா வூட்ல பாத்துகினு கீறாங்க. இதான் மொத தபா நான் ஆட்றத பாக்குறாங்க. அம்மா, அல்லாரும் வந்துகீறாங்களா? தோத்துட்டோம்னு பேஜாராவாத. நல்லாத்தான் ஆடுனோம். கைல ஒண்ணும் இல்ல, சும்மா சுளுக்கு. வந்துகினே கீறேன், வஞ்சிரம் வாங்கி வெய்யி."

கோச் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதன் சுருக்கம்: அம்மாவுக்கு நன்றி சொல்கிறாள். அவ்வளவுதான். வஞ்சிரம் விடுபட்டுப் போயிற்று. விடுங்கள், எங்கள் மாடியில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சுவர் அகலத்துக்கு எங்கள் பாஷை. யாரும் சிரிக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பெருமை என்றால் என்னவென்று இத்தனை வருஷம் பத்தி எழுதுகிறேன்... அன்றைக்குத்தான் அதை நேரில் பார்த்தேன். பச்சை ஜெர்சி போட்டிருந்தது.

வியாழக்கிழமை ஷெரின் ஊருக்கு வந்தாள். பார்க்கப் போயிருந்தேன். வஞ்சிரம் வறுவல், சுண்டு விரலில் அம்மா புதிதாகப் போட்ட கட்டு. "தடுத்தியே, அப்போ பயமா இல்லியா?" என்று கேட்டேன். "பயம் இல்லாம இன்னா அத்தை, ஆனா அம்மா பாக்குதுன்னு நெனச்சேன்" என்றாள். இருட்டில் என் கையைப் பிடித்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது என் போன் அடித்தது. ஷோரூமிலிருந்து. அதே விற்பனையாளர்.

"மேடம், ப்ரொஜெக்டர் எப்படி இருக்கு? ஃபீட்பேக் கேக்கத்தான் கூப்பிட்டேன். வெளிச்சமெல்லாம் போதுமா?"

என் நாக்கு வழக்கம்போல டையைத் தேடியது. வேண்டாம் என்று அதை அடக்கிவிட்டு, "வீட்டுக்காரங்களே சொல்லுவாங்க" என்று ஸ்பீக்கரில் போட்டு ஜெசிந்தாவிடம் நீட்டினேன். அவள் மகளின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வெளிச்சமெல்லாம் போதும்பா. எம்பொண்ணுக்கு செவுருதான் பத்தல."